பாட்டு எங்கே போனது? பாடும் கௌபாய் படங்களின் 54 நிமிடக் கணக்கு

பழைய படச்சுருள்களைப் பிரித்துப் பார்த்து, சுத்தம் செய்து, ஸ்கேன் செய்து கொடுப்பது என் தொழில். கல்யாண வீடியோவுக்கு முந்தைய காலத்து வீட்டுப் படங்கள்தான் அதிகம் வரும். எப்போதாவது ஒருவர் சினிமாப் பெட்டியோடு வருவார். போன வருஷம் அப்படி வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். அறுபதுகளில் டெக்சாஸில் படித்தவர். அங்கே வேலை பார்க்கும் மகன், ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் 16 எம்எம் ரீல் இரண்டு வாங்கி அனுப்பியிருந்தான். ராய் ராஜர்ஸ் நடித்த கௌபாய் படம்.

ரீலோடு ஒரு இசைத்தட்டையும் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இந்த ரெக்கார்டு உறையில இந்தப் பாட்டு இந்தப் படத்துலதான் வருதுன்னு போட்டிருக்கு. சொந்தக்காரர் வீட்டு புரொஜெக்டர்ல ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். பாட்டே இல்லை. யாரோ வெட்டி எடுத்துட்டாங்க போல" என்றார். இனி அந்த புரொஜெக்டரில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரீலை வாங்கி மேசையில் ஏற்றினேன். சுருங்கிய பழைய ஃபிலிமை வீட்டு புரொஜெக்டர் பல் பல்லாகக் கிழித்துவிடும்.

ஒரு ஃபிலிமில் யாராவது கை வைத்திருந்தால் ஜாயின்ட் காட்டிக்கொடுக்கும். சிமென்ட் ஒட்டோ டேப்போ, விரல் நுனியில் மேடாகத் தட்டுப்படும். இரண்டு ரீலையும் முழுக்க விரலால் தடவிக்கொண்டே சுற்றினேன். ஓரிடத்தில் கிழிசலை ஒட்டிய ஜாயின்ட் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் நீளத்தை அளந்தேன். 1,940 அடி. 16 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். கணக்குப் போட்டால் 54 நிமிடத்துக்கு ஒரு சில நொடிகள் குறைவு.

அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ரீலை வைத்திருந்தவர்கள் யாரும் வெட்டவில்லை. இந்த பிரிண்ட் லேபில் பிறந்தபோதே பாட்டு இல்லாமல்தான் பிறந்திருக்கிறது.

இணையத்தில் இந்தப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது இதே மாதிரி வெட்டுப்பட்ட பிரதியைத்தான். அது அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் படங்கள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1935இல் ஹெர்பர்ட் யேட்ஸ் என்பவர் ஹாலிவுட்டின் சில சின்ன கம்பெனிகளை ஒன்றாக இணைத்து ரிபப்ளிக் பிக்சர்ஸைத் தொடங்கினார். அவரே ஒரு பெரிய ஃபிலிம் லேபின் முதலாளி. அந்தச் சின்ன கம்பெனிகள் அவருடைய லேபுக்குக் கடன்பட்டிருந்தன. அதே வருஷம் ஜீன் ஆட்ரி என்ற வானொலிப் பாடகரை நாயகனாக்கி ஒரு கௌபாய் படம் வந்தது. ஆட்ரி அதற்கு முன் ஓக்லஹோமாவில் ரயில்வே தந்தி ஊழியர். சினிமாவில் பாடிய முதல் கௌபாய் அவர் இல்லை. கென் மேனார்ட் பேசும்படம் வந்த புதிதிலேயே பாடிவிட்டார். 1933இல் ஜான் வெய்னைக்கூடப் பாடவைத்தார்கள், இரவல் குரலில். ஆனால் பாட்டையே படத்தின் முதுகெலும்பாக வைத்துக் கூட்டம் சேர்க்க முடியும் என்று காட்டியவர் ஆட்ரிதான்.

1938இல் சம்பளத் தகராறில் ஆட்ரி படப்பிடிப்புக்கு வராமல் நின்றுகொண்டார். ரிபப்ளிக் அந்த இடத்துக்கு லெனர்ட் ஸ்லை என்ற இளைஞரைக் கொண்டுவந்து ராய் ராஜர்ஸ் என்று பெயர் வைத்தது. அவர் 'சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்தக் குழுவின் பாப் நோலன் எழுதிய பாட்டுகளை இன்றைக்கும் பாடுகிறார்கள். இதற்கிடையே மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பாடகரைப் பிடித்தன. டெக்ஸ் ரிட்டர் வந்தார். சட்டம் படித்த மனிதர் அவர். டோரதி பேஜ் என்ற பெண்ணை நாயகியாக வைத்து 1939இல் மூன்று படங்கள் வந்தன. கறுப்பினத்தவர் போகும் தியேட்டர்களுக்காக ஹெர்ப் ஜெஃப்ரீஸ் நடித்த படங்கள் 1937 முதல் 1939 வரை வெளியாயின. பிற்பாடு டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் பாடிப் புகழ்பெற்றவர் அவர். கடைசியாக வந்தவர் ரெக்ஸ் ஆலன். 1954இல் அவருடைய தொடர் நின்றதோடு இந்த வகைப் படமும் நின்றது.

இவை சின்ன பட்ஜெட் படங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் எடுத்து முடிப்பார்கள். ஆனால் பாட்டு இடைச்செருகலாக இருக்காது. ராஜர்ஸின் முதல் நாயகப் படமான 1938இன் 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' பாருங்கள். தண்ணீருக்காகத் தவிக்கும் விவசாயிகளின் ஓட்டில் ஜெயித்து நாயகன் வாஷிங்டன் போகிறான். அங்கே பெரிய மனிதர்களைக் கூட்டி உட்காரவைத்து, புழுதிப்புயலில் அழிந்த நிலங்களின் காட்சியைத் திரையில் ஓட்டி, அதன்மேல் தூசியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறான். ஜானி மார்வின் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. முப்பதுகளில் அமெரிக்காவின் நடுச்சமவெளி உண்மையிலேயே அந்தப் புழுதியில் மூழ்கிக் கிடந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த பலர் அதில் நிலத்தை இழந்தவர்கள். அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது குதிரைத் துரத்தல்தான். 2009இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. ஆட்ரியின் 'மெலடி ராஞ்ச்' 2002இலேயே சேர்ந்துவிட்டது.

சரி, வெட்டு எப்படி வந்தது?

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ரிபப்ளிக் தன் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்க முடிவு செய்தது. அதற்கென்றே 'ஹாலிவுட் டெலிவிஷன் சர்வீஸ்' என்று ஒரு துணைக் கம்பெனி. தொலைக்காட்சிக்கு ஒரு மணி நேரம் என்றால் அது விளம்பரமும் சேர்த்துத்தான். அதனால் 65, 70 நிமிடப் படங்களை 53, 54 நிமிடமாகச் சுருக்கினார்கள். என் மேசைக்கு வந்த பிரிண்ட்களில் நான் பார்த்தவரை முதல் கத்தி விழுந்தது பாட்டின்மேல், அடுத்தது துணை நடிகரின் சிரிப்புக் காட்சிமேல். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். சண்டையை வெட்டினால் கதை அறுந்துவிடும், பாட்டை வெட்டினால் அறுந்தது வெளியே தெரியாது என்று நினைத்திருப்பார்கள்.

நடிகர்கள் சும்மா இருக்கவில்லை. ராஜர்ஸ் 1951இல் வழக்குப் போட்டார். தன் பெயரும் முகமும் விளம்பரத்துக்கு ஏணியாகக் கூடாது என்பது அவர் வாதம். முதலில் வென்றார். 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஆட்ரியின் வழக்கும் அதே வருஷம் தோற்றது. 53 நிமிட வெட்டே அந்த வழக்கில் பேசப்பட்டது. ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு அந்த உரிமை இருக்கிறது என்று முடிந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரின் படங்களுக்கும் நேர்ந்த கதி வேறு வேறு. ஆட்ரி தன் படங்களின் உரிமையைக் கைப்பற்றி வைத்துக்கொண்டார், சொந்தமாகப் பிரதிகளும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் பின்னாளில் அவருடைய படங்கள் முழு நீளத்துக்கு மீட்கப்பட்டன. ராஜர்ஸின் படங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையை 28ஆம் வருஷம் புதுப்பிக்க வேண்டும். அவருடைய பல படங்களுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. பொதுச்சொத்தாகிவிட்டதால் கையில் கிடைத்த தொலைக்காட்சி பிரிண்ட்டை வைத்து யார் வேண்டுமானாலும் வீடியோ கேசட், டிவிடி போட்டார்கள். இப்போது இணையத்தில் ஏறியிருப்பவற்றில் பெரும்பகுதி அவைதான்.

நீளம் மட்டும் போகவில்லை, நிறமும் போயிற்று. நாற்பதுகளின் பிற்பாதியில் ராஜர்ஸ் படங்களை ரிபப்ளிக் 'ட்ருகலர்' என்ற தன் சொந்த வண்ண முறையில் எடுத்தது. இரண்டே நிறத்தில் உலகத்தைக் காட்டும் முறை அது. ஆரஞ்சு கலந்த சிவப்பு ஒன்று, பச்சை கலந்த நீலம் ஒன்று. வானம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஆனால் ராஜர்ஸின் குதிரை டிரிகரின் பொன்னிற மேனிக்கும் செம்மண் பாறைகளுக்கும் அந்த இரண்டு நிறமே போதும். தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாக இருந்த காலம் என்பதால் பிரிண்ட்டும் கறுப்பு வெள்ளையிலேயே போட்டார்கள். அதனால் வண்ணப் படமாகப் பிறந்த சிலவற்றை நாம் கறுப்பு வெள்ளைப் படம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறோம். 1950இல் வந்த 'டிரிகர் ஜூனியர்' மாதிரி ஒரு சிலவற்றைப் பாரமவுண்ட் தன் கிடங்கில் இருந்து எடுத்து வண்ணத்தோடு மீட்டது. 2018இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தேர்ந்தெடுத்த ரிபப்ளிக் படங்களோடு அதைத் திரையிட்டார்கள். வாய்ப்புக் கிடைத்தால் அந்த மீட்ட பிரதியைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதிக்கும் அதற்கும் உள்ள தூரம் கண்ணைத் திறக்கும்.

வெட்டுப்பட்ட பிரதியா என்று வீட்டில் இருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஓடும் நேரம் 53, 54 நிமிடம் என்றால் சந்தேகப்படுங்கள். படம் வெளியானபோது எவ்வளவு ஓடியது என்று தேடி ஒப்பிடுங்கள். இரண்டு இடத்தில் ஏமாறக்கூடாது. ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும், சினிமாவோ 24. அதனால் 67 நிமிடப் படம் வெட்டே இல்லாமல் 64 நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொன்று, சின்ன கம்பெனிகளின் படங்கள் பிறக்கும்போதே குட்டையானவை. ஜெஃப்ரீஸின் 'த பிரான்ஸ் பக்கரூ' (The Bronze Buckaroo) ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். அதை வெட்டிய படம் என்று சொல்லிவிடக் கூடாது.

நேரத்தைவிட நல்ல சாட்சி காது. யாரோ கிடாரைக் கையில் எடுப்பார்கள், அடுத்த ஷாட்டில் எல்லோரும் குதிரைமேல் இருப்பார்கள். பின்னணி இசை நடுவில் பிறந்து நடுவில் சாகும். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும், அது ஒலித்தடத்தில் விழுந்த வெட்டு. டைட்டிலில் பாட்டெழுதியவர்கள் நாலு பேர் இருந்து படத்தில் இரண்டே பாட்டு இருந்தாலும் அதே கதைதான்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் வெட்டுப்பட்ட பிரதியை இளக்காரமாக நினைக்காதீர்கள். சில படங்களுக்கு அதுதான் கையில் இருக்கிறது. நீங்களே இணையத்தில் ஏற்றுகிறவர் என்றால் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தொலைக்காட்சிப் பதிப்பு, இத்தனை நிமிடம். அந்த வரி இல்லாததால்தான், இந்தப் படங்களில் பாட்டு ஒட்டவே இல்லை என்று விமர்சனம் எழுதுகிறார்கள். ஒட்டாமல் போனது பாட்டின் குற்றமா? செயற்கை நுண்ணறிவை வைத்து நிறம் பூசி, முகத்தை மெழுகாக்கி ஏற்றுவதையும் தயவுசெய்து தவிருங்கள். ஃபிலிமின் மணல் போன்ற துகள்தான் படம். அதை வழித்தெடுத்தால் திரும்ப வராது.

வீட்டில் ரீல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 16 எம்எம் என்றால் தீப்பிடிக்கும் பயம் வேண்டாம், அது எப்போதும் பாதுகாப்பு ஃபிலிம்தான். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கும். ஐம்பதுகளின் தொடக்கம் வரை வந்த 35 எம்எம் சுருள் கிடைத்தால்தான் ஆபத்து. அது நைட்ரேட்டாக இருக்கலாம், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாமல் எரியும். ஓரத்தைப் படித்துப் பாருங்கள், சந்தேகம் என்றால் வீட்டுக்குள் வைக்காமல் ஆவணக்காப்பகத்தைக் கேளுங்கள். பாதுகாப்பு ஃபிலிமுக்கு வேறு நோய் உண்டு, டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். அந்த ரீலை மற்றவற்றிடம் இருந்து உடனே பிரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். பரண் வேண்டாம். வீட்டிலேயே குளிர்ந்த, ஈரம் இல்லாத அலமாரி எது என்று பார்த்து அதில் வையுங்கள்.

பொறியாளர் ரீலை ஸ்கேன் செய்து முடித்து அழைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "அப்போ டெக்சாஸ்ல டிவியில நான் பார்த்ததும் இதேதானா?" என்றார். அநேகமாக அப்படித்தான் சார் என்றேன்.

பிறகு இசைத்தட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல இருக்கற பாட்டை எடுத்து அந்த இடத்துல ஒட்டிடலாமா தம்பி? என் பேரனாவது முழுசாப் பார்க்கட்டும்." அவர் கேட்டதில் இருந்த ஆசை எனக்குப் புரிந்தது. ஆனால் முடியாது என்றுதான் சொன்னேன். படத்துக்குப் பாடியது வேறு, ரெக்கார்டு கம்பெனிக்காகப் பின்னால் பாடியது வேறு. தாளமும் நீளமும் மாறியிருக்கும். அந்தப் பாட்டு எந்தக் காட்சிக்குப் பிறகு வந்தது என்றும் இந்தப் பிரதியை வைத்துச் சொல்ல முடியாது. நாம் ஊகித்து ஒட்டினால், நாளைக்கு இன்னொருவர் இதையே முழுப் பிரதி என்று நம்பிவிடுவார்.

இசைத்தட்டைத் தனியாகச் சுத்தம் செய்து, தனிக் கோப்பாக ஏற்றிக் கொடுத்தேன். டிரைவில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பெயரில் 'தொலைக்காட்சிப் பதிப்பு, 54 நிமிடம்' என்று எழுதினேன். மற்றதில் 'பாட்டு, இசைத்தட்டில் இருந்து' என்று எழுதினேன். முதலில் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் படத்தைப் போடப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.