பழைய கார்: வாங்கும் விலை வேறு, ஓட்டும் செலவு வேறு

பழைய கார் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்பதைத்தான். பெரும்பாலானோர் கையில் இருப்பதை முழுசாக காருக்கே கொடுத்துவிடத் தயாராக வருகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் காரைத் தேடுங்கள். முதல் சில மாதங்களிலேயே கார் கேட்கப்போகிற டயர், பேட்டரி, பிரேக் பேடு, பெல்ட் இவற்றுக்கெல்லாம் அந்தப் பணம் வேண்டும். பெரிய செலவு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் பலரும் காரை விற்க நினைக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது என்பது வாங்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய சொகுசு கார், புதிய சின்ன கார் விலைக்கே கிடைக்கிறது என்று யாராவது ஆசையோடு சொன்னால் எனக்குப் பகீரென்று இருக்கும். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, அதன் பாகங்களின் விலை இறங்கவில்லை. காற்றுப் பைகளால் காரைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் ஒன்று போனால் போதும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். குறைந்த பணத்தில் வாங்கி, குறைந்த செலவில் ஓட்ட வேண்டும் என்றால், சாலையில் அடிக்கடி கண்ணில் படுகிற, எந்த மெக்கானிக்கும் கைவைக்கத் தயங்காத சாதாரண மாடலையே தேடுங்கள். டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர் என்றால் இன்னும் நல்லது.

டீசல் மைலேஜ் தரும், உண்மைதான். ஆனால் யூரோ 5 என்ற ஐரோப்பிய புகை மாசு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து போக வேண்டுமானால், புகைபோக்கி நன்றாகச் சூடேறும்படி அவ்வப்போது நீண்ட தூரம் ஓட்ட வேண்டும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் போய்த் திரும்புகிறவரிடம் இந்த கார் வந்து சேர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவில் மைலேஜில் சேமித்தது அத்தனையும் போய்விடும்.

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நான் அந்த எண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. டிஜிட்டல் ஓடோமீட்டரைக் குறைத்துக் காட்ட ஒரு லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். அதனால் எண்ணைப் பார்த்த பிறகு பெடல்களின் ரப்பரையும், ஸ்டியரிங் வளையத்தையும், டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தையும் பாருங்கள். குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் காரில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. சர்வீஸ் பில்களில் தேதியும் கிலோமீட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் பில் இருக்கிற காரையும், ஐம்பதாயிரம் ஓடி ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லாத காரையும் ஒன்றாக நிறுத்தினால், நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் காரைத்தான் எடுப்பேன்.

அடுத்தது, யாரும் அதிகம் கவனிக்காத விஷயம். காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஏனென்றால் பழைய இன்ஜினின் பல குறைகள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் நிமிடத்தில்தான் வெளியே தெரியும். இன்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் கடகடவென்று சத்தம் வரும். வால்வு சீல் போயிருந்தால் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறையும்; நீலம் என்றாலே ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, அதில் இனிப்பான வாடையும் இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், எரிபொருள் எரியும் அறைக்குள் போகிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு, போயிருக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்தது போல ஒரு படலம் தெரிந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். குளிர்காலத்தில் குறைந்த தூரம் மட்டுமே ஓடும் காரில் ஈரம் படிந்தும் அப்படி ஆகலாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கூலன்ட் தொட்டியில் ஆயில் மிதக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால், அதைத் துண்டித்து வைத்திருக்கலாம். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமான ஓபிடி இணைப்பில், அதாவது காரின் கணினியில் பதிவானதைப் படிக்க உதவும் இணைப்பில், ஸ்கேனரைச் செருகினால் பதிவான பிழைகள் தெரியும். விற்பதற்கு முன்னால் அவற்றை அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அழித்திருந்தால் கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் பரிசோதனைகள் "இன்னும் முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டும். நேற்று வரை நன்றாக ஓடிய காரில் அப்படிக் காட்டினால், ஏன் என்று கேளுங்கள். அண்மையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் இப்படி வரும். அதற்கும் பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாடியை நல்ல வெயிலில் பார்க்க வேண்டும், மழையிலோ இருட்டிலோ வேண்டாம். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பட்டி பார்த்து பெயின்ட் அடித்த இடத்தைத் தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும். சின்ன நசுங்கல் எல்லா காரிலும் இருக்கும், அதற்காக நல்ல காரை விட்டுவிடாதீர்கள். காரைத் தாங்கும் சட்டமான சேசிஸ் வளைந்து நிமிர்த்திய காரைத்தான் தொடக் கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னும் மோசம். நன்றாகக் கழுவி, வாசனை அடித்து, பளபளவென்று நிறுத்தியிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள், சேற்றுக் கறை அங்கே அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டலோ துருவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் புகுந்த வயரிங்கில் கோளாறு மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒன்று நின்றுபோகும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் இந்த கார் வேண்டாம்.

சேசிஸ் எண்ணை வைத்து, தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய அந்த காரைத் திரும்பப் பெறும் அறிவிப்பு எதுவும் இருக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்திடம் கேளுங்கள். டக்காட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த ஏர்பேக் விவகாரத்தால் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஏர்பேக்குகளை விரியச் செய்யும் அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்தது. கைமாறிக் கைமாறி வரும் பழைய கார்களில்தான் இப்படிப்பட்ட அறிவிப்புகள் உரிமையாளருக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. பொதுவாகக் குறையுள்ள பாகத்தை மாற்றுவதைப் பணம் வாங்காமலேயே செய்து தருவார்கள். அதனால் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

ஹைப்ரிட், மின்சார கார் என்றால் பேட்டரியில் எத்தனை சதவீதம் திறன் மிச்சம் இருக்கிறது என்ற அறிக்கை இல்லாமல் விலையே பேச வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும், உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வந்துவிடுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் பிரேக் பிடிக்காமல் கீழே போய்விடும். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை போதாது. அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதும், இன்ஜினே வீணாகும். பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பையும் அந்த பெல்ட்டே சுழற்றுகிறது என்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கூலி ஒருமுறையோடு போகும்.