கடன் வாங்கி வங்கியில் போட்டால் விசா வராது

இந்த சீசனிலும் அதே கதைதான். தண்டையார்பேட்டைப் பையன், பொறியியல் மூன்றாம் ஆண்டு. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தேர்வாகி, ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்து வாரம் ஆய்வகப் பயிற்சிக்குப் போக வேண்டியவன். அழைப்புக் கடிதம், கல்லூரிக் கடிதம், விடுதி அறை எல்லாம் தயார். ஆனால் விசா மறுப்பு. படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில் டிக்: செலவுக்குப் போதுமான பண ஆதாரம் காட்டவில்லை. அவனுடைய அப்பா ஸ்டேட்மென்டை என் மேசையில் விரித்து வைத்துக் கேட்டார்: "அஞ்சு லட்சம் இருக்கே மேடம், இன்னும் எவ்ளோதான் வேணும்?"

ஸ்டேட்மென்டைப் பார்த்தேன். மாதக்கணக்கில் எட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்றுதான் பேலன்ஸ் ஓடுகிறது. திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து லட்சம் ஒரே தவணையில் உள்ளே வருகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் போயிருக்கிறது. அந்தப் பணம் அஞ்சு வட்டிக்கு வாங்கியது. மாதம் 25,000 ரூபாய் வட்டி. "பேலன்ஸ் காட்டினா போதும்" என்று யாரோ சொன்னார்களாம். வட சென்னையில் விசா ஆவண வேலை பார்க்கிற எனக்கு, இந்த "யாரோ" சொன்னதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விசா அதிகாரி கடைசி வரியில் இருக்கும் பேலன்ஸை மட்டும் பார்ப்பதில்லை. முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறார். இந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிறார். பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் ஐந்து லட்சம் நின்றால் அவருக்கு வரும் முதல் சந்தேகம், இது இவர்கள் பணமா, விசா வந்த மறுநாளே திரும்பிப் போகிற பணமா என்பதுதான். காரணம் சொல்லும் காகிதம் இல்லாத ஐந்து லட்சத்தை விட, மாதாமாதம் சேர்ந்த ஒன்றரை லட்சம் எவ்வளவோ மேல். பிரிட்டன் மாணவர் விசாவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள்: காட்ட வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் செல்லாது.

பெரிய தொகை வந்தாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்ஐசி முதிர்வுத் தொகை வந்திருக்கலாம், நிலம் விற்றிருக்கலாம், பதிவு பெற்ற சீட்டு எடுத்திருக்கலாம். அந்தக் காகிதத்தைக் கூடவே வையுங்கள், கவரிங் லெட்டரில் இரண்டு வரி எழுதுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. பரிமாற்ற மாணவர்கள் பெரும்பாலும் அங்கே கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. கட்டணம் இங்கே நம் கல்லூரிக்குத்தான். சில இடங்களில் விடுதியும் இலவசம், உதவித்தொகையும் உண்டு. கட்டணம் இல்லை, தங்குமிடம் யார் பொறுப்பு, மாதம் எவ்வளவு தருகிறோம் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும். நீங்கள் காட்ட வேண்டிய தொகையே குறைந்துவிடும். அந்தப் பையனுக்கு விடுதி இலவசம், ஆனால் கடிதத்தில் அந்த வரி இல்லை. இவர்களும் கேட்கவில்லை.

காசிமேட்டுக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் நேரமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வந்து விழுகின்றன. கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்டில் பெரும்பகுதி நாட்களுக்கு வரவே இருக்காது. வருமானமே இல்லாத வீடு என்றுதான் வெளிநாட்டு அதிகாரி நினைப்பார், கிழக்குக் கடற்கரையில் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வருட ஸ்டேட்மென்ட் கொடுங்கள். படகுப் பதிவுச் சான்றிதழ், கணக்கில் வந்த தடைக்கால நிவாரணம், ஐடி ரிட்டர்ன் எல்லாம் வையுங்கள். ஏலத்தில் கையில் வாங்கும் பணத்தை அப்படியே செலவழிக்காமல் வாரம் ஒரு முறையாவது கணக்கில் போட்டு வாருங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். பிள்ளை முதலாம் ஆண்டு சேரும்போதே இந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரங்கள் ஆகும் காலத்தில், "கிளம்ப இருபது நாள் இருக்கு" என்று வந்தால் நான் என்ன செய்ய முடியும்? வி.எஃப்.எஸ். மாதிரி மையங்கள் காகிதம் வாங்கி, கைரேகை எடுத்து அனுப்புவதோடு சரி. முடிவெடுப்பது தூதரகம். "உள்ளே ஆள் இருக்கு" என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த விசா என்பதிலும் கவனம் வேண்டும். ஷெங்கன் குறுகிய கால விசா 180 நாளில் 90 நாள் தங்க மட்டும். ஒரு செமஸ்டர் முழுக்க என்றால் அந்தந்த நாட்டின் நீண்ட கால விசாதான், அதற்கு நேரமும் அதிகம், பணமும் அதிகம். ஜெர்மனி படிப்பு விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம், மாதாமாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க விடும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறது, ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. மறுத்தால் தூதரகத்துக்கே மனு எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழியையும் 2025 ஜூலையோடு ஜெர்மனி எடுத்துவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே நீதிமன்றம் போக வேண்டும். முதல் முறையே சரியாகச் செய்யுங்கள்.

அமெரிக்கா என்றால் பரிமாற்ற மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அங்குள்ள கல்லூரி அந்த விசாவுக்கான தகுதிச் சான்றான டிஎஸ்-2019 படிவம் அனுப்பிய பிறகுதான் வேலையே தொடங்கும்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் படும் பாடு தனி. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, அப்பாவின் பாஸ்புக்கில் வேறு எழுத்துக்கூட்டல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று வந்து நிற்கும். விண்ணப்பம், அழைப்புக் கடிதம், டிக்கெட், காப்பீடு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் கையில் வந்த அன்றே ஒவ்வொரு எழுத்தாகச் சரி பாருங்கள். பிழை இருந்தால் திருத்தி வாங்க அப்போதுதான் நேரம் இருக்கும்.

போலி ஸ்டேட்மென்ட், போலிச் சம்பளச் சான்றிதழ் பற்றி என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள். பிரிட்டனில் ஏமாற்று என்று பிடிபட்டால் பத்து வருடம் வரை தடை. அமெரிக்காவில் பொய் ஆவணம் காட்டினால் வாழ்நாள் முழுக்கக் கதவு மூடலாம். இருபது வயதுப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றாதீர்கள்.

அந்தப் பையனுக்கு மறுபடி விண்ணப்பிக்கிறோம். ஐந்து லட்சத்தை அன்றைக்கே கடன்காரரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அம்மா பெயரில் சிறிய வைப்பு நிதி ஒன்று பல வருடமாக இருப்பது அப்புறம்தான் தெரிந்தது, அதை யாரும் கேட்கவும் இல்லை, இவர்களுக்குக் காட்டத் தோன்றவும் இல்லை. முந்தைய மறுப்பை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுகிறோம், கேட்டால் காட்டப் படிவத்தின் நகலும் இருக்கிறது. விடுதி இலவசம் என்று எழுதித் தரும்படி பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது.