நாலடி ஆழத்து வெப்பமானி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் கோடை வந்தால் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கில் கொத்துக்கொத்தாக இறந்தன. லெஸ்டர் நகரம் இதற்குப் பேர் போனது. ஆனால் வெயில் ஏறிய உடனே சாவு ஏறாது. மண்ணில் நாலடி ஆழத்தில் புதைத்த வெப்பமானி 56 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்ட பிறகுதான் எகிறும். எட்வர்ட் பல்லார்ட் என்ற அரசு மருத்துவர் 1880-களிலேயே இதைக் கவனித்து, கிருமி மண்ணுக்குள்தான் விளைகிறது என்று முடிவு கட்டினார். அவர் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

ஆழத்து மண் மெதுவாகத்தான் சூடேறும். வெயில் எத்தனை வாரம் விடாமல் அடித்தது என்பதைத்தான் அந்த வெப்பமானி காட்டியது. அந்த வாரங்களில் பெருகியவை ஈக்கள். நல்ல வெயிலில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும்.

முட்டையிட இடத்துக்குப் பஞ்சமில்லை. தெருவெங்கும் குதிரைச் சாணம். பல குடும்பங்களுக்குப் பொதுவாக வெளியே ஒரு கக்கூஸ். வாளியோ சாம்பல் கொட்டும் குழியோதான், தண்ணீர் கிடையாது. லீட்ஸ் போன்ற ஊர்களில் வீடுகளை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், பின்வாசல் இல்லை. காற்று குறுக்கே ஓடாத அந்த அறையில் பாலைக் குளிர்ச்சியாக வைக்க இடம் ஏது?

ஈ எச்சிலைக் கக்கி, கரைத்து உறிஞ்சும் ஜீவன். கக்கூஸில் உட்கார்ந்த காலோடு பாலிலும் உட்காரும். அப்புறம் அந்தக் காலத்துப் பால் புட்டி: நீண்ட ரப்பர் குழாய், நுனியில் காம்பு. குழந்தையின் வாயில் வைத்துவிட்டு அம்மா வேலையைப் பார்க்கலாம். குழாய்க்குள் ஒட்டிய பழைய பாலைக் கழுவி எடுக்கவே முடியாது. கிருமி அங்கேயே பெருகும். தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் பெரும்பாலும் தப்பின.

மான்செஸ்டரின் சுகாதார அதிகாரி ஜேம்ஸ் நிவன் பொறி வைத்து ஈக்களை எண்ணினார். ஈக்களின் எண்ணிக்கை ஏறிய பின்னால் சாவு ஏறியது. பிளஷ் கழிப்பறை உள்ள ஊர்களில் இந்தச் சாவு குறைவு என்று ஆர்தர் நியூஸ்ஹோம் என்ற மருத்துவர் 1899-இலேயே காட்டியிருந்தார்.

ஆனாலும் அறிவுரையெல்லாம் விழுந்தது அம்மாக்கள் தலையில்தான். ஹடர்ஸ்ஃபீல்ட் மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் தம் பதவிக்காலத்தில் பிறக்கும் குழந்தை ஒரு வயதை எட்டினால் ஒரு பவுண்டு தருவதாக 1904-இல் அறிவித்தார். நல்ல மனசுதான். ஆனால் கக்கூஸை மாற்றுவது வீட்டைச் சொந்தமாக வைத்திருந்தவர் கையிலும் நகராட்சி கையிலும் அல்லவா இருந்தது! 1911 கோடை கொளுத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த ஆண்டு பிறந்த ஆயிரத்துக்கு 130 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. மறு வருடக் கோடையில் குளிரும் மழையுமாக இருந்தது. எண்ணிக்கை 95-க்கு இறங்கியது. வீடுகளும் அதே வீடுகள், அம்மாக்களும் அதே அம்மாக்கள்.