தழைச்சத்து: சொல்லும் பொருளும்

உரக்கடையில் போய் யாரும் நைட்ரஜன் கேட்பதில்லை, 'யூரியா ஒரு மூட்டை' என்றுதான் கேட்பார்கள். வேளாண் துறை அறிவிப்பில் அந்த நைட்ரஜனே தழைச்சத்து. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் நைட்ரஜன், இலங்கைப் பாடநூலில் நைதரசன், தனித்தமிழில் எழுதுபவர்களிடம் வெடியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டா வயல்கள் மூழ்கும்போது அதிகம் காதில் விழுவது தழைச்சத்துதான்.

முதலில் நைட்ரஜன். 1772-இல் டேனியல் ரூதர்ஃபோர்டு இந்த வாயுவைப் பிரித்தறிந்தார். இதற்குள் விட்ட உயிர் பிழைக்காது என்பதால் லவாய்சியே 'அசோட்' என்றார். கிரேக்கத்தில் உயிரற்றது என்று பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றும் மூச்சை அடைக்கும் பொருள் என்றே அழைக்கிறார்கள். 1790-இல் ஷப்தால் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், வெடியுப்பில் இது இருப்பதைக் கொண்டு, 'நைட்டர்' என்ற வெடியுப்பின் பெயரோடு பிறப்பிப்பது என்னும் பொருள் தரும் 'ஜென்'னைச் சேர்த்து நைட்ரஜன் ஆக்கினார். வெடியம் என்ற தமிழாக்கம் இந்த வழியில் வந்தது. வேதியியலுக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் 'வெடியம் போட்டீர்களா?' என்று ஒரு விவசாயியைக் கேட்டுப் பாருங்கள்!

தழைச்சத்து யாருடைய மொழிபெயர்ப்பும் அல்ல. தழை என்றால் இலை. தழைத்தல் என்றால் செழித்து வளர்தல். கொழிஞ்சியையும் கிளைரிசிடியாவையும் வெட்டிவந்து சேற்றில் மிதித்த தழையுரம் யூரியாவுக்கு மிகவும் முந்தியது. பயிரின் பச்சையத்திலும் புரதத்திலும் நைட்ரஜன் இருப்பதால், அது கிடைத்தால் முதலில் தழைதான் பெருகும். மணிபிடிக்க உதவும் பாஸ்பரஸ் மணிச்சத்து ஆனதும் இதே முறையில்தான். பொட்டாசியத்தைக் குறிக்கும் சாம்பல் சத்து மட்டும் வேறு வகை: மரச்சாம்பலைச் சட்டியில் கரைத்து எடுத்ததால் பொட்டாஷ் என்ற பெயரே சட்டிச் சாம்பல் என்றுதான் பொருள்படும்.

சரி, வயலில் தண்ணீர் நின்றால் இந்தச் சத்துக்கு என்ன ஆகிறது? மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிரும் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அப்புறம் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில், மண்ணில் நைட்ரஜன் இருக்கும் வடிவங்களில் ஒன்றான நைட்ரேட்டைப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. பயிருக்கு வைத்த நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறிக் காற்றில் போய்விடுகிறது. நைட்ரேட் மண் துகளில் ஒட்டாது என்பதால் வடியும் நீரோடும் கொஞ்சம் போகும். பாடநூல்கள் இந்த வாயு மாற்றத்தை 'நைட்ரஜன் வெளியேற்றம்' என்கின்றன. வடிந்துபோவதும் வெளியேற்றம்தானே என்று குழப்பம் வருவதால், 'நைட்ரேட் வாயுவாதல்' என்பதே தெளிவு என்பது என் கருத்து.

நெல் தண்ணீரில்தானே நிற்கிறது என்று கேட்கலாம். இலை வாங்கும் காற்றைத் தண்டின் காற்றறைகள் வழியாக வேருக்கு இறக்கும் வசதி நெல்லுக்கு உண்டு; தலையே மூழ்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும். மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் வேர் முட்ட நீர் நின்றாலே போதும், திணறிவிடும். தழைச்சத்து குறைந்த பயிர் அடியிலைகளிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் முதிர்ந்த இலைதான் நுனியிலிருந்து முதலில் மஞ்சளாகும். குருத்தே வெளுத்திருந்தால் இரும்பு, கந்தகம் போன்ற வேறு குறையாக இருக்கலாம். அதற்கு யூரியாவைக் கொட்டுவது வீண்செலவு.

இழந்ததை ஈடுகட்டப் பின்னால் இடுவது மேலுரம். நடவுக்கு முன் மண்ணில் சேர்ப்பது அடியுரம். வெள்ளம் வடியாத வயலில் மேலுரம் போடுவது தண்ணீருக்கே உரம் போட்ட கதை. முதலில் வடிகால், அப்புறம்தான் உரம். மூழ்கி மீண்ட நெல்லுக்கு வேளாண் துறையினர் சொல்வது: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது. யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாகும்; அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை வேம்பு தாமதப்படுத்துகிறது. அந்த மாற்றம் மெதுவானால் இழப்பும் குறையும். இந்தியாவில் 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். வேர் இன்னும் தேறவில்லை என்றால் 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டையும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலைவழியாகத் தெளிக்கலாம்.

கடைசியாக, கணக்கில் பலர் தடுக்குகிற இடம். தழைச்சத்தும் யூரியாவும் ஒன்றல்ல. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். மேலே சொன்ன 22 கிலோ யூரியாவில் கிடைக்கும் தழைச்சத்து சுமார் 10 கிலோ. அந்த 22 கிலோ, 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறையப் பாதி. பயிர் வெளுத்திருக்கிறதே என்று முழு மூட்டையையும் பிரித்துக் கொட்டினால் தழை மட்டும் மதமதவென்று வரும், பின்னாலேயே குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும்.