லில்லோ ஐயாவின் பதிவுப் பெயர்

போன குளிர்காலத்தில் ஓர் அக்கா கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு என்னிடம் வந்தார். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் ஒரு முதியவரை மூன்று ஆண்டுகள் வீட்டோடு இருந்து பார்த்தவர். அவர் இறந்துவிட்டார். வேலை முடிந்ததற்கு வரவேண்டிய சேவைக்காலப் பணத்தைக் கேட்கப் போனபோது, "நீங்கள் சொல்லும் பெயரில் இறந்தவர் யாரும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்காவிடம் இருந்த சம்பளத் துண்டுகள் எல்லாவற்றிலும் "லில்லோ" என்றே கையெழுத்து. பதிவு செய்த ஒப்பந்தத்தின் பிரதியை அவர் கேட்டு வாங்கி வைத்திருக்கவில்லை. இறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் கலோஜெரோ.

மூன்று ஆண்டுகளாக வாய் நிறைய "லில்லோ ஐயா" என்று கூப்பிட்டவருக்கு அந்தப் பெயர் புதிது. "தம்பி, இது வேறு ஆள்" என்று என்னிடமே வாதிட்டார்.

இத்தாலிய ஆவணங்களைத் தமிழிலும் தமிழ் ஆவணங்களை இத்தாலியத்திலும் மொழிபெயர்த்து, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து ஒப்படைப்பது என் தொழில். என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு பெயரில்தான் தொடங்குகிறது. இங்கே ஒருவரைக் கூப்பிடும் பெயர் ஒன்றாகவும் பதிவில் உள்ள பெயர் வேறாகவும் இருப்பது மிகச் சாதாரணம். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

சல்வத்தோரே என்றால் மீட்பர். சிசிலியின் தெருக்களில் அதிகம் கேட்கும் பெயர்களில் ஒன்று. ஆனால் அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. பலெர்மோவில் அவர் தொத்தோ, கத்தானியாப் பக்கம் தூரி, அல்லது தூரிட்டு. (தூரிட்டுவில் வரும் அந்த ட ஒலி மற்ற இத்தாலியர்களுக்குச் சிரமம், நம் நாவுக்கு எளிது.) சால்வோ, சசா என்றாலும் அவரே. ஜுசெப்பே என்பவர் பெப்பே, பிப்போ, பெப்பினோ, பினோ. பிரான்செஸ்கோ சிச்சோ ஆகிவிடுவார். அந்தோனினோ நினோ. கொன்செத்தா செத்தினா. ரொசாலியா லியா. என்சோ என்று கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். அவர் வின்சென்சோவாக இருக்கலாம், லொரென்சோவாக இருக்கலாம், சிலருக்குப் பதிவிலேயே என்சோதான். ஊகம் செய்ய வழியே இல்லை, அடையாள அட்டையைப் பார்க்கத்தான் வேண்டும்.

லில்லோ என்பதன் முழு வடிவமான கலோஜெரோ கிரேக்கப் பெயர். கலோஸ் என்றால் நல்ல, கெரோன் என்றால் கிழவர். "நல்ல பெரியவர்" என்று துறவிகளை அழைத்த சொல். ஷாக்கா ஊருக்கு மேலே, நிலத்திலிருந்து சூடான ஆவி எழும் குகைகள் உள்ள மலையில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புனித கலோஜெரோவால் அது அக்ரிஜெந்தோ மாவட்டம் முழுவதும் பரவியது. வடக்கே மிலானில் ஒருவர் தன் பெயர் கலோஜெரோ என்று சொன்னால், அவருடைய வேர் சிசிலியில் என்று எந்த இத்தாலியரும் உடனே சொல்லிவிடுவார். அக்ரிஜெந்தோக்காரர் என்றால் ஜெர்லாந்தோ என்ற பெயரும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அந்நகரின் காவல் புனிதரான ஆயரின் (பிஷப்பின்) பெயர் அது, நார்மானியர்களோடு வந்தது.

இப்படி ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் புனிதர், அவர் பெயரில் அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள். கத்தானியாவில் ஆகத்தா, கிரேக்கத்தில் "நல்லவள்". பெப்ரவரி 3 முதல் 5 வரை அவளுடைய திருவிழாவில் நகரமே தெருவில் நிற்கும். சிராகுசாவில் லூசியா, ஒளி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவள். டிசம்பர் 13 அவளுடைய நாள், அன்றைக்குச் சிசிலியில் பலர் ரொட்டியும் பாஸ்தாவும் தொடாமல் அவித்த கோதுமை சாப்பிடுவார்கள். நோத்தோவில் கொர்ராதோ. எட்னா மலையடிவார ஊர்களில் ஆல்பியோ. அச்சிரெயாலேயில் வெனெரா. இந்த வெனெரா எனக்கு மிகவும் பிடித்த பெயர். கிரேக்கத்தில் பரஸ்கெவி, அதாவது வெள்ளிக்கிழமை, என்ற பெயருடைய புனிதை ஒருவர் உண்டு. லத்தீனில் வெள்ளிக்கிழமை வீனஸ் கோளின் நாள், அந்தச் சொல்லின் வழியில் பிறந்தது வெனெரா. நாமும் அந்த நாளை வெள்ளிக் கோளின் பெயரால்தானே அழைக்கிறோம்.

சிசிலியை ஆண்டவர்கள் எல்லோரும் பெயர்களை விட்டுப் போனார்கள். கிரேக்கர், ரோமர், பிறகு பைசாந்தியர். 1061இல் நார்மானியர் வந்தபோது ருஜ்ஜேரோ, குல்யெல்மோ, தன்க்ரேதி போன்ற ஜெர்மானிய வேர் கொண்ட பெயர்கள் வந்தன. ருஜ்ஜேரோவில் புகழும் ஈட்டியும் சேர்ந்திருக்கின்றன. 827இல் தொடங்கி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அரபியர் ஆண்டார்கள், ஆனால் அவர்களுடைய முதற்பெயர்கள் இன்று வழக்கில் இல்லை. கிறிஸ்தவத் திருமுழுக்கில் புதுப்பெயர் சூட்டியதில் அவை போய்விட்டன. குடும்பப் பெயர்களில் மட்டும் ஒளிந்திருக்கின்றன. பதலா என்ற குடும்பப் பெயருக்குள் அப்துல்லா இருக்கிறார். மகலூசோ என்றால் விடுவிக்கப்பட்டவர். இது எனக்கு எப்போதும் மனதை என்னவோ செய்யும். ஒரு சமூகத்தின் பெயர்கள் ஓரிரு தலைமுறையில் மறைந்துபோகலாம் என்பதற்கு இந்தத் தீவே சாட்சி.

1545 முதல் 1563 வரை நடந்த கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து திருச்சங்கத்துக்குப் பிறகு பங்குக் கோவில்கள் எல்லாம் பதிவேடு வைக்கத் தொடங்கின, குழந்தைக்குப் புனிதர் பெயர் வைப்பது வலியுறுத்தப்பட்டது. அன்னை மரியாவின் விழாக்களே பெயர்களாகின: அன்னுன்சியாத்தா, அசுந்தா, இம்மகொலாத்தா, கார்மேலா. கத்தேனா என்று ஒரு பெயர் உண்டு, அதற்குச் சங்கிலி என்று பொருள். பலெர்மோவில் சங்கிலி மாதா கோவில் இருப்பதை அறியாமல் மொழிபெயர்ப்பவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

சரி, இனி அதிகம் அடிபடும் இடத்துக்கு வருவோம். "ஆ" என்று முடிந்தால் பெண் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அந்த்ரேயா இத்தாலியில் ஆண் பெயர். கிரேக்கத்தில் ஆடவன் என்ற சொல்லிலிருந்து வந்தது. நிக்கோலா, லூக்கா, மத்தியா, எலியா, தொபியா எல்லாம் ஆண்கள். அதேபோல சிமோனே, மிக்கேலே, கபிரியேலே, தனியேலே ஆண்கள், பெயாத்ரிச்சே, இரேனே, ஆக்னேசே பெண்கள். ஒரு நிக்கோலாவைத் "திருமதி" என்று எழுதிய மொழிபெயர்ப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் விசா விண்ணப்பத்தில் அதை இணைத்து, மாதக்கணக்கில் அலைந்தார்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் எல்லாவற்றுக்கும் கேட்கும் வரி இலக்கமான கோதிச்சே ஃபிஸ்காலே 16 எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதில் பிறந்த தேதி வரும் இடத்தில் பெண்களுக்கு 40 கூட்டுவார்கள். மாதத்தின் 7ஆம் நாள் பிறந்த அந்த்ரேயா ஆண் என்றால் 07, பெண் என்றால் 47. பால் தவறாகப் பதிந்தால் இலக்கமே மாறிவிடும், வங்கியும் மருத்துவரும் ஆளை ஏற்கமாட்டார்கள். பெண் குழந்தைக்கு அந்த்ரேயா என்று வைக்கலாமா என்ற வழக்கு இத்தாலியின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2012இல்தான் வைக்கலாம் என்று தீர்ந்தது. அதற்கு முன் பிறந்த நம் பிள்ளைகள் யாருக்காவது அந்தப் பெயர் இருந்தால், பதிவில் பால் சரியாக உள்ளதா என்று ஒருமுறை பாருங்கள்.

அந்த இலக்கத்தில் பெயருக்கு மூன்று எழுத்துகள். பெயரில் நான்கோ அதற்கு மேலோ மெய்யெழுத்துகள் இருந்தால் முதலாவது, மூன்றாவது, நான்காவது எடுக்கப்படும். மருந்துக்கடையில் காட்டுவதற்காக அக்கா லில்லோ ஐயாவின் சுகாதார அட்டையில் உள்ள வரி இலக்கத்தை மட்டும் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அதில் இலக்கத்தின் நான்காவது இடத்திலிருந்து சி, ஜி, ஆர். கலோஜெரோவுக்கு அப்படித்தான் வரும். லில்லோ என்ற பெயருக்கு அது வரவே வராது. அந்த ஒரு படத்தை வைத்துத்தான் ஒப்பந்தப் பதிவைத் தேடி எடுத்தோம், பணமும் கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போகும் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். முதல் நாளே அந்தப் பெரியவரின் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரையும் வரி இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம், ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் சிக்கல். சிசிலியில் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயர். பெண்பிள்ளைகளுக்குப் பாட்டிகளின் பெயர், அதே ஒழுங்கில். இதை நான் தமிழர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பெயரன் என்ற சொல்லைத்தானே நாம் பேரன் என்கிறோம், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். தாத்தா ஜுசெப்பேக்கு நான்கு மகன்கள் என்றால் அந்தத் தெருவில் ஒரே குடும்பப் பெயரோடு நான்கு ஜுசெப்பேக்கள் இருப்பார்கள். பழைய பதிவுகளில் குழந்தை இறந்து, அடுத்த குழந்தைக்கும் அதே பெயர் வைத்திருப்பதும் உண்டு. பிறந்த தேதியைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்தால் பெரியப்பா மகனின் சொத்து சித்தப்பா மகனுக்குப் போய்விடும்.

பழைய ஆவணங்களில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தந்தை பெயரையும் சேர்த்தார்கள். "சல்வத்தோரே தி ஜுசெப்பே" என்றால் தந்தை ஜுசெப்பே உயிரோடு இருக்கிறார். "சல்வத்தோரே ஃபு ஜுசெப்பே" என்றால் தந்தை காலமாகிவிட்டார். இந்த "ஃபு"வைக் குடும்பப் பெயராக எழுதிய மொழிபெயர்ப்பும் என்னிடம் திருத்தத்துக்கு வந்திருக்கிறது. தந்தை யாரென்று பதிவாகாத பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் வாழ்நாள் முழுவதும் ஒரு வடுவாக இருந்தது. 1955இல் சட்டம் போட்டுப் பெற்றோர் பெயரைப் பொதுவான சான்றிதழ்களிலிருந்து எடுத்தார்கள். நல்ல சட்டம்.

யாழ்ப்பாணத்திலும் தூத்துக்குடியிலும் இருந்து வரும் கத்தோலிக்கர்களுக்கு இன்னொரு செய்தி. உங்கள் பெயர்களில் பல இந்தப் பெயர்களின் உடன்பிறப்புகள். சூசை இங்கே ஜுசெப்பே. சவரி இங்கே சவேரியோ. அலோசியஸ் என்பது லூயிஜியின் லத்தீன் வடிவம். இங்கத்தைய பழைய பங்குப் பதிவேடுகளில் லூயிஜிகள் அலோசியஸ் என்றே எழுதப்பட்டிருப்பார்கள். புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்த கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில்தான் 1680இல் கொஸ்தந்தினோ ஜுசெப்பே பெஸ்கியும் பிறந்தார், நம் வீரமாமுனிவர். எபிரேயத்தில் யோசேப்பு என்றால் "அவர் பெருக்குவார்". அதை உணர்ந்து தேம்பாவணியில் சூசையப்பருக்கு வளன் என்று பெயர் வைத்தார். அது அவருடைய சொந்தப் பெயரின் பாதியும்தான். ஒரு பெயரை மொழிபெயர்ப்பது எப்படி என்பதற்கு அதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் அது காவியத்துக்குச் சரி. ஆவணத்தில் சூசை சூசைதான், அதை ஜுசெப்பே என்று மாற்ற எனக்கு உரிமை இல்லை.

இத்தாலியில் பிள்ளைக்குப் பெயர் வைக்கப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது எழுத்துக்கூட்டு. இங்கே சி, எச் சேர்ந்து வந்தால் "க்" என்று படிப்பார்கள். ஆங்கிலப் பழக்கத்தில் எழுதிய சித்ரா பள்ளியில் கித்ரா ஆகிவிடுவாள். எச் எழுத்துக்குத் தனியே ஒலி கிடையாது, ஹரிணி அரிணி ஆவாள். கடவுச்சீட்டில் ஏற்கெனவே ஒரு எழுத்துக்கூட்டு இருந்தால் அதை மாற்றாதீர்கள். புதிதாக வைக்கும்போது மட்டும் யோசியுங்கள்.

இரண்டாவது காற்புள்ளி. 2000ஆம் ஆண்டின் பதிவு விதிப்படி மூன்று பெயர்கள் வரை வைக்கலாம். இப்போதைய விதியில், பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி போட்டால் சான்றிதழ்களில் முதற்பெயர் மட்டுமே வரும். போடாவிட்டால் எல்லாப் பெயர்களும் எல்லா இடத்திலும் வரும், கையெழுத்தும் அப்படியே போட வேண்டும். பிறப்பைப் பதியும் மேசையில் இதை யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. உயிரோடு இருக்கும் தந்தையின் பெயரையோ, சகோதரர் பெயரையோ வைக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் தம்பதி இந்தக் காற்புள்ளிக்காகவே வந்தார்கள். மகளுக்கு முதற்பெயர் தமிழ்ப்பெயர். இரண்டாவதாக ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது பலெர்மோவைக் காத்ததாக நம்பப்படும் புனிதையின் பெயர். ரோமானியர் ரோசாப்பூ படைத்துக் கொண்டாடிய விழாவுக்கும் அதே பெயர் இருந்தது. அவர்கள் சைவர்கள். ஆனாலும் பலெர்மோத் தமிழர் பலரைப் போல பெல்லெக்ரீனோ மலையேறி அவளுடைய குகைக்கோவிலுக்குப் போகிறவர்கள், பிள்ளைக்காக நேர்ந்துகொண்டவர்கள். காற்புள்ளி போட்டால் அடையாள அட்டையில் ரொசாலியா வரமாட்டாள் என்று சொன்னேன். போடாவிட்டால் ஒவ்வொரு படிவத்திலும் இரண்டு பெயரையும் எழுத வேண்டிவரும், அவளுக்கு வாழ்நாள் முழுக்க வேலை என்றும் சொன்னேன். அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். "எழுதட்டும் அண்ணா" என்றார். காற்புள்ளி இல்லாமலே பதிந்தார்கள்.