ஜாரு: சுரம் விட்டுச் சுரம் இழைவது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ‘ஜாரு’ என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வழுக்குவதைக் குறிக்கும் வினை. மழை நனைத்த படியில் கால் ஜாரும். அந்தச் சொல்லே கர்நாடக இசையில் கலைச்சொல்லாகவும் இருக்கிறது: ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு, நடுவில் ஒலி அறாமல் நழுவிப் போவது.

மேலே போனால் ஏற்ற ஜாரு, கீழே வந்தால் இறக்க ஜாரு. முன்பாதி தமிழ், பின்பாதி தெலுங்கு. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் இவற்றுக்குச் சாய்கோட்டுக் குறிகளே உண்டு. சுரத்துக்கு அசைவும் நெளிவும் தரும் அலங்காரமான கமகம் என்றாலே ஜாரு என்று சிலர் நினைக்கிறார்கள். கமகம் பெரிய குடும்பம். சுரத்தை அசைக்கும் கம்பிதம் போல ஜாருவும் அதில் ஒரு வகை.

இந்துஸ்தானி இசையில் இதை மீண்ட் என்பார்கள். மேற்கில் இரண்டு பெயர்கள். கிளிசாண்டோ, வழுக்குதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு இத்தாலிய வால் ஒட்டியது. போர்ட்டமென்டோ, ஏந்திச் செல்வதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பியானோ கட்டைகள்மேல் விரலை இழுத்தால் கிளிசாண்டோ. ஆனால் அதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். ஜாருவுக்கு நெருக்கமானது குரலில் வரும் போர்ட்டமென்டோதான்.

வேறுபாட்டைக் காதால் அறிய, தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்துக்குப் போனால் போதும். ஆர்மோனியம் கட்டைக்குக் கட்டை தாவும். இடைப்பட்ட ஒலி அதற்குக் கிடையாது. முகவீணை என்ற சிறிய ஊதுகருவியோ மூச்சையும் துளைமேல் விரலையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அந்த இடைவெளி முழுவதையும் ஒலிக்க வைக்கும். கூத்துப் பாட்டில் அழுகை ஏறுவது அந்த இழுப்பில்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சறுக்கு’ என்றால் கீழ்நோக்கிய பொருள்தான் முதலில் வரும், ஏற்றத்துக்கு ஒட்டாது. ‘வழுக்கு’ என்பதற்குத் தவறு என்ற பொருளும் உண்டு. வேண்டுமென்றே செய்யும் நுட்பத்துக்கு அது பெயராகக் கூடாது. என் தேர்வு ‘இழைவு’. ஏற்ற இழைவு, இறக்க இழைவு என்று இரண்டு பக்கமும் பொருந்தும். ‘இழைந்து பாடுகிறார்’ என்று ஏற்கெனவே சொல்கிறோம். சிலப்பதிகாரக் கானல்வரி யாழ் வாசிப்பில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என எட்டு இசைக்கரணங்களைச் சொல்கிறது. எல்லாமே கை செய்யும் செயலின் பெயர்கள். இழைவும் அந்த வரிசையில் இயல்பாகச் சேரும்.