பொலிஃபில்: பல்நிரப்பியா, நிரவியா?

ஓர் உலாவி, அதாவது நம் பாடநூல்கள் மேலோடி என்று சொல்வது, அறியாத வசதியொன்றை அது ஏற்கெனவே அறிந்த பழைய வழிகளைக் கொண்டே செய்துகொடுக்கும் நிரல்துண்டுக்குப் பொலிஃபில் என்று பெயர். இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: அசல் வசதியின் பெயரிலேயே, அசல் தரும் விடையையே தரவேண்டும்; அசல் வசதி உலாவியில் இருந்தால் தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இச்சொல்லை 2009 இல் ஆக்கியவர் பிரித்தானிய நிரலர் ரெமி ஷார்ப். அந்நாட்டில் சுவர் வெடிப்பை அடைக்க விற்கப்படும் பொலிஃபில்லா என்ற பசையே அவர் மனத்தில் இருந்தது. ஓட்டையைப் பல வழிகளால் அடைக்கலாம் என்பதால் பலவற்றைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டும் பொருந்திக்கொண்டது. திருகோணமலையில் கடலோர வீடுகளின் உப்புக்காற்றுப் பட்டு வெடித்த சுவரில், வர்ணம் பூசுமுன் புட்டி தேய்த்து மட்டமாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே விளங்கும்.

நிலாவெளி விடுதியொன்றுக்கு நான் செய்த பக்கத்தில், முகப்பிலிருந்த பழைய கணினியில் மட்டும் அறைப்பட்டியல் வெறுமையாகத் தெரிந்தது. பட்டியலில் ஒரு பொருள் உண்டா என்று பார்க்கும் ‘இன்க்ளூட்ஸ்’ என்ற முறை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்குரிய எக்மாஸ்கிரிப்ட் தரத்தில் 2016 இல்தான் சேர்ந்தது. அந்தக் கணினியிலிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 க்கு அது தெரியாது. தெரியாத முறையை அழைத்த வரியிலேயே நிரல் நின்றுவிட்டது. பழைய ‘இன்டெக்ஸ்ஆஃப்’ முறையைக் கொண்டு அவசரமாக அடைத்தேன், பட்டியலும் வந்தது. ஆனால் ‘எண்ணல்ல’ என்பதைக் குறிக்கும் NaN என்ற தனி மதிப்பைத் தேடும்போது இரண்டு முறைகளும் வெவ்வேறு விடை தரும் என்பதால், என் அடைப்பு ஒரு மூலையில் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாவற்றையும் இப்படி அடைக்க முடியாது. இல்லாத முறையைச் சேர்க்கலாம். உலாவிக்கு வாசிக்கவே தெரியாத புதிய தொடரமைப்பை, பேபல் போன்ற கருவியால் பழைய நடைக்கு முன்கூட்டியே மாற்றிக் கொடுக்க வேண்டும். பழைய உலாவிக்கு ஈடுகொடுக்க எழுதும் ஷிம் என்ற நிரல்துண்டும் வேறு: ஆடும் கதிரைக்காலுக்கு முட்டுக்கொடுக்கும் மரச்சீவல் போன்ற அது, தனக்கென்று வேறு பெயரும் வைத்துக்கொள்ளலாம்.

இனித் தமிழ்ச்சொல். நேரே பெயர்த்துப் ‘பல்நிரப்பி’ என்றால் பல் வைத்தியர்தான் நினைவுக்கு வருவார். ஒலிப்பை நம்பிப் ‘போலி’ என்றால் கள்ளச் சரக்கு என்றாகிவிடும். பந்தல் என்பது பந்தர் என நின்றும் பொருள் மாறாத, இலக்கணம் சொல்லும் எழுத்துப்போலியை எண்ணினால் அச்சொல் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது என்றாலும், படிப்பவர் எல்லாரும் நன்னூல் படித்தவர் அல்லர். மரக்கலத்தின் பலகை இடுக்குகளை அடைப்பதற்குரிய ‘கலப்பற்று’ துறைமுக ஊரானாகிய எனக்கு விருப்பமான சொல், ஆனால் கண்ணாடியிழைப் படகுகளின் காலத்தில் அதற்கே விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே ‘நிரவி’ என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன். குழியை நிரவுதல் இன்றும் பேச்சில் உள்ள வினை; பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பொருளும் அதில் உண்டு. வேலைக்கிடையில் “இன்க்ளூட்ஸை நிரவிவிட்டாயா, தம்பி?” என்று கேட்டால் பக்கத்து மேசைக்காரருக்கும் விளங்குகிறது.